குனிந்த தலை

தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கூடைப்பந்து அணிக்கு உயரமான பிள்ளைகளை எடுப்பது சுலபம். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற கார்டைத் தேர்ந்தெடுப்பதுதான் பாடு. அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் 14 சீசன் கார்டாக ஆடிய மக்சி போக்ஸ் 5 அடி 3 அங்குலம்தான். அதனால் உயரத்தை நான் விட்டுவிடுவேன். இன்றைக்கு எத்தனை கூடை போடுகிறாள் என்பதையும்தான். பையன்கள் பத்து வயதிலிருந்தே தெருவில் பந்தோடு அலைகிறார்கள். இவள் பெரிய மனுஷி ஆனதும் தெருவிலிருந்து உள்ளே அழைக்கப்பட்டவள். பதினேழு வயதில்தான் மறுபடி பந்தைத் தொடுகிறாள்.

நான் பார்ப்பது தலையை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகையில் கண் பந்தின் மேல் இருக்கக் கூடாது. 'குனிஞ்ச தலை நிமிராத பிள்ளை' என்று பேர் வாங்கியவளிடம் இதைக் கேட்கிறேன்! எதிரே நின்று விரல்களைக் காட்டி "எத்தனை?" என்று கத்துவேன். முதல் வாரம் யாருக்கும் தெரியாது. மூன்றாவது வாரம் யார் சரியாகச் சொல்கிறாள் என்பதுதான் என் கணக்கு. பந்தைப் பறிகொடுத்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாளா, திரும்பி ஓடுகிறாளா என்றும் பார்ப்பேன்.

அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் 1892-இல் பெண்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்த செண்டா பெரன்சன், மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியை விட்டு யாரும் தாண்டக் கூடாது; மூன்று தடவைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது. பெண் உடம்பு தாங்காது என்ற பயம் அந்தக் காலத்துக்கு. அந்த விதி என்றைக்கோ போய்விட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு மணி பஸ் இருக்கிறது.

போன வருஷம் ஒருத்தி, வலது கைக்காரி, இரண்டே மாதத்தில் இடது கையைப் பழக்கிக்கொண்டாள். தேர்வுக்குக் கூட்டிப்போனேன். "இவளுக்குச் சொல்லிக்கொடுத்து என்ன மேடம், அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிரும்" என்றார் தேர்வாளர் ஒருவர். தாயான பிறகும் திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடிய சென்னை அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்றேன். "அது சென்னை" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவள் அப்பாவிடம் பேசினேன். "சாயங்காலம் வேண்டாம் மேடம், காலையில வேணும்னா வரட்டும்" என்றார். இப்போது ஆறரைக்கெல்லாம் வந்துவிடுகிறாள். தலையை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தட்டுகிறாள். நான் விரல் காட்டுகிறேன்.