அன்னாளும் அதிகாலை மாத்திரையும்



திருமணமாகி ஒரு வருடம் கடந்துவிட்டால் நம் சேரன்மகாதேவியில் ஒரு கேள்வி பிறந்துவிடுகிறது: "விசேஷம் ஏதும் உண்டா?" பெனின்னாள் அன்னாளை நோகடித்ததைப் பிரசங்கத்தில் கேட்டு வருந்துகிறோம், ஆலய வாசலுக்கு வந்ததும் நாமே பெனின்னாள்களாகிறோம்.

அப்படிக் கேட்கப்படுகிற சகோதரிகளில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரக்கிறது. கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறு சுரப்பி அது. அதன் சுரப்பு குறைந்தால் உடல் சோர்கிறது, மாதவிலக்கு ஒழுங்கு தவறுகிறது. கருமுட்டை உரிய காலத்தில் வெளிவராமலும் போகலாம். இது சாபமல்ல, முன்னோரின் பாவமுமல்ல. பலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே அச்சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்குரிய மருந்து தைராக்ஸின். அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் அதை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1914 டிசம்பர் 25ஆம் நாள். கிறிஸ்துமஸ் அன்று அவர் ஆய்வகத்தில் இருந்தார். அது குறைவான ஆராதனை என்று எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரை விழுங்குவது விசுவாசக் குறைவா என்று தயக்கத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தாமே! எனக்குக் கவலையளிப்பது வேறொன்று. கருத்தரித்தது தெரிந்ததும், ஜெபம் கேட்கப்பட்டதென்று மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும். அப்போதுதான் அது அதிகமாகத் தேவை. கருவிலுள்ள பிள்ளையின் தைராய்டு ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில்தான் போதிய அளவு சுரக்கும். அதுவரை அதன் மூளை வளர்ச்சி தாயின் சுரப்பையே நம்பியிருக்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வராவிட்டால் நாற்றங்கால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே கரு உறுதியானவுடன் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் மருந்தின் அளவைக் கூட்டுவார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கருத்தரிக்க முயலும் காலத்திலேயே டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருப்பதை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அளவை மாற்றினால் ஆறு வாரமளவில் மறுபரிசோதனை உண்டு. கர்ப்ப காலத்தில் இன்னும் அடிக்கடி.

கணவன்மாரே, எல்க்கானாவின் அன்பு மெய்யானது. ஆயினும் அன்னாளின் கண்ணீரைச் சொற்களால் சமாளிக்கப் பார்த்தான் என்றே நான் வாசிக்கிறேன். பரிசோதனைக்கு மனைவியைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள். உங்களுக்குரிய பரிசோதனையையும் தள்ளிப்போடாதிருங்கள்.

மாத்திரையை அதிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்கவேண்டும். காபியோ உணவோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உபவாச ஜெப நாளிலும் இதை விட்டுவிடாதிருங்கள். ஒரு குவளைத் தண்ணீரால் உபவாசம் கெட்டுப்போகாது. யாராவது கேட்டால், சபை ஐயர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.