சில்லறையில் வரும் செல்வம்



பழைய மாணவன் ஒருவன் நேற்று போன் செய்தான். "சார், வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்குப் பத்து லட்சம் தர்றாங்களாம். முதல்ல ரெண்டாயிரம் கட்டணுமாம்." கட்டாதே என்றேன். அந்தக் காசு இன்றும் சில்லறையில் கிடைக்கிறது. பழைய காசு வாங்கி விற்கும் வேலை தனக்கு இல்லை, அதற்குக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது.

சேர்க்க ஆசையா? இவை கைக்கு வந்தால் செலவழிக்காதீர்கள்:

1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வெளியிட்ட திருவள்ளுவர் காசு.
2009 அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய். அவர் தமிழ்க் கையெழுத்து இருக்கும்.
2010 தஞ்சைப் பெரிய கோயில் 5 ரூபாய்.

ஆண்டுக்குக் கீழே பாருங்கள். நட்சத்திரம் என்றால் ஐதராபாத், வைரம் மும்பை, புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. எந்தச் சாலையில் குறைவாக அடித்தார்களோ அந்தக் காசைத்தான் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். தேயாத காசுக்கே மதிப்பு. புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்!

விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஏறாவிட்டாலும் 5 ரூபாய் 5 ரூபாய்தான். கட்டிய ரெண்டாயிரம் திரும்பி வராது. வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள்.