படத்துக்குப் பின்னாடி ஒரு நம்பர்

உங்க வீட்டு பீரோவுல பழைய கருப்பு வெள்ளை போட்டோ இருந்தா எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க. மங்கலா ஒரு ஸ்டூடியோ முத்திரையும், பக்கத்துல பேனாவுல எழுதின ஒரு நம்பரும் இருக்கலாம். அது நெகட்டிவ் நம்பர். அதைச் சொன்னா எத்தனை வருஷம் கழிச்சும் இன்னொரு காப்பி வாங்கிடலாம்.

சங்கரன்கோவில்ல எங்க தாத்தா வச்சிருந்த ஸ்டூடியோ அந்த நம்பரை நம்பித்தான் ஓடுச்சு. ஆடித்தபசு அன்னிக்குக் கடையில நிக்க இடம் இருக்காதாம். கோமதி அம்மனைக் கும்பிட்டுட்டு, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க குடும்பத்தோட வந்து வரிசையில நிப்பாங்க. கோட்டு, வாட்ச் எல்லாம் கடையிலயே இரவல். 120 ஃபிலிம் ரோல்ல பன்னிரண்டே படம். கண்ணை மூடிட்டா மூடினதுதான்.

சினிமாவுல டார்க் ரூம்னாலே சிவப்பு பல்பு காட்டுவாங்க இல்லையா? அது பேப்பர்ல பிரிண்ட் போட மட்டும்தான். ஃபிலிமைக் கழுவுறப்போ அதுவும் கிடையாது, கும்மிருட்டு. தாத்தா கைத்தடவல்லயே எல்லாம் செய்வார். அப்புறம் நெகட்டிவ்ல பென்சிலால தொட்டுத் தொட்டு அம்மைத்தழும்பை மறைப்பார். அந்தக் காலத்து ஃபில்டர்!

கலர் வந்ததும் ரோல் எல்லாம் பஸ் ஏறி வெளியூர் லேபுக்குப் போச்சு. டார்க் ரூம் குடோன் ஆச்சு. அதுல முப்பது வருஷ நெகட்டிவ், பெட்டி பெட்டியா.

கருப்பு வெள்ளை நெகட்டிவ்ல கருப்பாத் தெரியுறது நிஜமான வெள்ளி. தாத்தா கட்டியிருக்கிற வெள்ளை வேட்டிதான் அதுல அடர்த்தியான கருப்பு. அந்த வெள்ளியைப் பிரிச்செடுக்க எடைக்கு வாங்குற ஆள் வந்தப்போ, அப்பா பாதிக்கு மேல போட்டுட்டார். தாத்தா அப்போ இல்லை. அக்காவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். நான்தான் மூட்டையைத் தூக்கி ஆட்டோவுல வச்சேன்.

அடுத்த வருஷம் ஒரு பாட்டி வந்தாங்க. கையில கரையான் அரிச்ச போட்டோ. கல்யாணமான புதுசுல எடுத்ததாம். அவங்க முகம் இருந்துச்சு, பக்கத்துல இருந்தவர் முகம் இல்லை. "எய்யா, பின்னாடி நம்பர் இருக்கு பாரு. இவுக படம் வேற கெடையாது"ன்னாங்க. ரெஜிஸ்தர்ல தேடினேன். தாத்தா கையெழுத்துல தேதி, பேரு, 'தம்பதி, 2 காப்பி' எல்லாம் இருக்கு. பெட்டிதான் இல்லை. அப்பா அவங்க முகத்தைப் பாக்காமலே, "தேடி வைக்கேன் ஆச்சி"ன்னு சொல்லிட்டார். அவங்க இன்னும் ரெண்டு தடவை வந்தாங்க.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க, பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்காங்க. அதைப் படிச்சப்போ வயித்தைப் பிசைஞ்சுது.

இப்போ லீவுக்குப் போனா மிச்சப் பெட்டிகளைத் திறந்து உக்காந்துடுவேன். டேப்லட்ல வெள்ளை ஸ்கிரீன், மேல நெகட்டிவ், மொபைல்ல ஒரு கிளிக். லேப்ல படிச்சதுதான்: 255ல இருந்து பிக்ஸல் மதிப்பைக் கழிச்சா ஆள் எழுந்து வந்துடுவார். இதுவரை 640 முடிஞ்சிருக்கு. நம்பர் மாறி வேற பெட்டிக்குள்ள விழுந்திருக்குமோன்னு ஒவ்வொரு ஜோடிப் படத்தையும் பெருசாக்கி அந்தப் பாட்டியோட முகத்தைத் தேடுறேன்.

உங்க பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம்னா, போட்டோவைத் திருப்பிப் பார்த்து நம்பரைச் சொல்லுங்க. ரெஜிஸ்தர் என்கிட்டதான் இருக்கு.