வாப்பாவுக்காக வந்த வண்டி

சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில் அவசர மருத்துவ சேவைக்கெனத் தனிச் சொத்து வரி உண்டு. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர் இசைந்தால்தான் அது தொடரும். 2019இல் கேட்கப்பட்டது, சொத்து மதிப்பில் 1,000 டாலருக்கு 26.5 சென்ட். ‘இன்னுமொரு வரியா?’ என்று சலித்து, வாக்குச்சீட்டை அனுப்பாமலே விட்டோம்.

பின்னொரு ரமழானில், ஸஹர் நேரத்தில் வாப்பா நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார்கள். 911ஐ அழைத்தோம். விரைந்து வந்தவர்கள் எங்கள் மார்க்கத்தையும் கேட்கவில்லை, வாக்களித்தோமா என்றும் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா பிழைத்தார்கள். அந்த வண்டிக்கு அண்டை வீட்டார் முன்பே சம்மதம் தந்திருந்தார்கள், நாங்கள் தரவில்லை.

ஸகாத் வேறு, வரி வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எனினும், ஓர் உயிரைக் காப்பது மனித இனத்தையே காப்பதற்கு நிகர் என்று கற்ற நாம், பிறர் உயிருக்கான சீட்டை மேசையில் கிடக்க விடலாமா? 2025இல் அது மீண்டும் வந்தது. அன்றே நிரப்பி அனுப்பினோம்.