வடசேரி ஜடை நாகம்

கன்னியாகுமரிக்குப் போகிறவர்களில் பலர் நாகர்கோவிலில் ஒரு காபி குடிப்பதோடு சரி. அடுத்த முறை அப்படிச் செய்யாதீர்கள். நாகராஜா கோயிலைத் தரிசித்துவிட்டு வடசேரிப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். நாகத்தின் பெயரைத் தாங்கிய அந்த ஊரில், ஜடைக்கு நாகம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்!

1956 நவம்பர் 1-ந் தேதி தமிழ்நாட்டுடன் இணையும் வரை இது திருவிதாங்கூர்ச் சீமை. சுவாமிக்கும் அம்பாளுக்கும் சாத்தும் நகைகளைச் செய்து பழகிய கைகள் இங்கே உள்ளவை. 1930-களில் பரதநாட்டியம் சபா மேடை ஏறிய பிறகு, அதே நகைகள் வெள்ளியில் உருவாகித் தங்க மெருகு ஏறி, நாட்டியப் பெண்களையும் வந்து அடைந்தன.

ஒரு ஜடை நாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். உச்சியில் வட்டமாக ராக்கொடி, அடுத்துப் பிறை, அப்புறம் தாழம்பூ. அதன் கீழேதான் நாகம் தொடங்குகிறது. பின்னல் பிடரியில் பருத்து, நுனியில் மெலிகிறதல்லவா? நாகமும் அப்படியே மெலிய வேண்டும். அதனால் ஒவ்வொரு துண்டும் மேலே உள்ளதைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்கும். இரண்டு துண்டுகளை இடம் மாற்றிக் கோத்துவிட்டால் போதும், பாம்பு எதையோ விழுங்கினாற்போல் நடுவில் புடைத்துக்கொள்ளும்! கடைசியில் குஞ்சலம்.

துண்டு சிறுத்தால் அதில் பதிக்கும் சிவப்புக் கெம்பும் சிறுக்க வேண்டும். வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, அரக்கு நிரப்பி, கல்லை உட்கார வைத்து, சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்துகிறார்கள். பெரிய கல் பதிப்பது எளிது. வால் பக்கத்துக் கடுகுக் கற்களில்தான் கண்ணும் முதுகும் போய்விடுகின்றன. பிள்ளைகள் இந்தப் பட்டறையில் உட்கார மறுத்தால் அவர்களை எப்படிக் குறை சொல்வது?

நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் குறியீடு வந்தால் போதுமா, வாங்குகிறவர்களுக்குக் கண் தெரிய வேண்டாமா? கடைவீதியில் அச்சில் அடித்த மலிவுச் சரக்கு குவிந்து கிடக்கிறது. மேலே ஒரு அளவு, நடுவே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று இரண்டு மூன்று அச்சோடு வேலையை முடித்திருப்பார்கள். ஜடையில் வைத்தால் மாடிப்படி மாதிரி இருக்கும். என் கண்ணுக்கு அது நாகமே இல்லை.

உங்கள் பெண்ணுக்கு அரங்கேற்றம் வருகிறதா? நகையை மேஜைமேல் நீளமாகக் கிடத்தி, ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகும்போது பெண்ணையும் அழைத்துச் செல்லுங்கள். பின்னலை அளந்துதான் துண்டுகளை முடிவு செய்ய வேண்டும். இந்தக் காலத்தில் அவ்வளவு நீளப் பின்னல் ஏது என்கிறீர்களா? அதுவும் சரிதான். சவுரியையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்!