சூரியனுக்கு முன்னே வரும் நீலம்... சென்னைக் கடற்கரையில் 15 நிமிட மேஜிக்!

சூரிய உதயம் பார்க்க சென்னைக்காரர்கள் கன்னியாகுமரி வரை போக வேண்டியதில்லை. வருடம் முழுக்க இங்கே சூரியன் வங்கக் கடலிலிருந்துதான் எழுகிறது. மெரினாவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பவர்களை எண்ணி மாளாது. ஆனால், அவர்களில் பலர் வந்து சேர்வதற்குள் முதல் காட்சி முடிந்துபோயிருக்கும்.

ஆரஞ்சுப் பந்து தலைகாட்டுவதற்கு முன்பு கடல், வானம், ஈர மணல், கரையில் ஏற்றிவைத்த படகு எல்லாமே ஒரே நீலத்தில் தோய்ந்து நிற்கும் நேரம் அது. 'கருக்கல்லயே எந்திரிச்சு கோலம் போட்டுட்டேன்' என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அதே கருக்கல். போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் பெயர் 'ப்ளூ ஹவர்'.

பெயர்தான் 'ஹவர்'!

சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 8 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு ஏறி வரும் இடைவெளியில்தான் இந்த நீலம் அழகாக விழும். சென்னை, பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக விறுவிறுவென ஏறிவிடும். அதனால் நமக்குக் கிடைப்பது 15 நிமிடம், மிஞ்சிப்போனால் இன்னும் ஓரிரு நிமிடம். லண்டன் போன்ற வடக்கத்திய ஊர்களில் சூரியன் சாய்வாக ஏறுவதால், அங்கே இதே நீலம் இன்னும் நீண்ட நேரம் நிற்கும்.

கணக்கு எளிது. அன்றைய சூரிய உதய நேரத்தைப் பாருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பு நீலம் தொடங்கி, கால் மணி நேரம் முன்பு கரையத் தொடங்கும். சென்னையில் ஜனவரி கடைசியில் சூரியன் சுமார் 6.35 மணிக்கு எழுகிறது. அப்போது 6.05 மணிக்குள் இடம் பிடித்துத் தயாராக இருக்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் உதயம் சுமார் 5.42-க்கே நடந்துவிடும். அப்போது 5.10 மணிக்குள் மணலில் நிற்க வேண்டும்.

நீலம் எங்கிருந்து வருகிறது?

பகல் வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம், காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பது. விடியலுக்கு முந்தைய நீலத்தில் இன்னொரு கூட்டாளியும் உண்டு. அது ஓசோன். அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனின் ஒளி, ஓசோன் படலத்தின் வழியே நீண்ட தூரம் பயணித்து வருகிறது. அப்போது அதிலுள்ள மஞ்சள், ஆரஞ்சு நிறங்களை ஓசோன் உறிஞ்சிக்கொள்ள, நீலம் மிஞ்சுகிறது. தலைக்கு மேலே தெரியும் அந்திநேர நீலத்துக்கு ஓசோன்தான் முக்கியக் காரணம் என்பதை அமெரிக்க விஞ்ஞானி ஹல்பர்ட் 1953-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

கடலின் நீலத்துக்கும் சென்னைக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் மாநிலக் கல்லூரியின் மாணவர் சர் சி.வி.ராமன். வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று ரேலே போன்ற மேதைகள் சொல்லிவந்த காலம் அது. 1921-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய்வந்த ராமன், ஒரு சிறிய பட்டகத்தின் மூலம் நீரின் மேற்பரப்புப் பிரதிபலிப்பை வடிகட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரும் தானாக ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். அந்தத் தேடல்தான் அவரை 1930-ல் நோபல் பரிசு வரை கொண்டுபோனது.

கருக்கல் நேர போட்டோவில் மட்டும் ரேலே சொன்னதற்கே மதிப்பு அதிகம். ஒளி மங்கலாக இருக்கும் அந்த நேரத்தில், தண்ணீர் ஒரு கண்ணாடி மாதிரி வானத்தைத்தான் காட்டும். அலை வந்து திரும்பிய ஈர மணலும் அப்படித்தான்.

எங்கே நிற்கலாம்?

*எலியட்ஸ் கடற்கரை:* வெள்ளை வளைவுகளோடு நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம் எத்தனையோ சினிமாக்களில் வந்திருக்கிறது. நீல வெளிச்சத்தில் அந்த வெள்ளைச் சுவர் தனியாகத் தெரியும். கடலைப் பார்த்து நின்றால், ஜூனில் சூரியன் இடதுபக்கம் தள்ளியும் டிசம்பரில் வலதுபக்கம் தள்ளியும் எழும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் ஏறக்குறைய நேர் கிழக்கு.

*அடையாறு முகத்துவாரம்:* ஆறும் கடலும் சேரும் இடம். 1967-ல் கட்டப்பட்டு, 1977-ல் ஒரு பகுதி இடிந்துபோன 'உடைந்த பாலம்' இங்கேதான் இருக்கிறது. அலை இல்லாத ஆற்று நீரில் பாலத்தின் நிழலும் சேர்ந்து விழும். கீழே மணலில் நின்று எடுத்தாலே படம் நன்றாக வரும். பாலத்தின் மேல் ஏறவே வேண்டாம்.

*திரு.வி.க. பாலம்:* நடைபாதையில் நின்று கிழக்கே பார்த்தால் முகத்துவாரம் வரை நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கும். பஸ் போகும்போது பாலம் அதிர்ந்து படமும் கலங்கும். வண்டி இல்லாத நொடியில் கிளிக் செய்யுங்கள்.

*மயிலாப்பூர் தெப்பக்குளம்:* கபாலீஸ்வரர் கோயிலின் மேற்குப் பக்கத்தில் குளம் இருக்கிறது. அதனால், குளத்தின் மேற்குக் கரையில் நின்றால் நீருக்கு அந்தப் பக்கம் கோபுரம், அதற்குப் பின்னால் விடியும் வானம். மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்திருக்கும் மாதங்கள் இதற்குத் தோது.

செல்போன் போதுமா?

தாராளமாகப் போதும். ஆனால், செல்போனின் ஆட்டோ மோடு நீலத்தை 'தப்பு' என்று நினைத்து மஞ்சளாக மாற்றப் பார்க்கும். 'ப்ரோ' மோடில் ஒயிட் பேலன்ஸை 4,000 கெல்வின் பக்கம் வைத்தால் நீலம் தங்கும். ஐஎஸ்ஓ 100 முதல் 400-க்குள் இருந்தால் படத்தில் புள்ளி விழாது. ஷட்டர் அரை நொடி, ஒரு நொடி என்று நீளும் என்பதால் கை நடுக்கம் தெரியும். சின்ன ட்ரைபாட் அல்லது ஒரு சுவர், அதோடு 2 நொடி டைமர், இவை போதும். அலைகளும் பஞ்சு மாதிரி மென்மையாக விழும். கட்டக் கோடுகளை ஆன் செய்து அடிவானத்தை நேராக்குங்கள். கடல் சாய்ந்திருந்தால் எந்தப் படமும் தேறாது!

ஏ.சி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தால் லென்ஸில் பனி படரும். பத்து நிமிடம் முன்பே போனை வெளியே எடுத்துவிடுங்கள். உப்புக் காற்று படிவதால் அடிக்கடி மென்துணியால் துடைக்கவும் வேண்டும். போகியன்று காலை மட்டும் தூங்கலாம். புகையில் நீலம் தெரியாது.

படத்தைவிடப் பெரியது

ஜனவரி முதல் மார்ச் வரை இதே மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி தேடும். செல்போன் டார்ச்சும் ஃபிளாஷும் அவற்றைச் சாலைப் பக்கம் திருப்பிவிடும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவிரவாக இந்தக் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். ஒரு ஃபிளாஷ் அந்த உழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது.

நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம், சீனிவாசபுரம் பக்கம் போனால், அந்நேரத்தில் மீனவர்கள் வேலையில் இருப்பார்கள். உங்களுக்கு அது ஃபிரேம். அவர்களுக்கு அன்றைய வருமானம். 2004 டிசம்பர் 26 காலையில் இதே கடல் வீடு புகுந்ததைப் பார்த்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். 'அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?' என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, அந்த ஷ்மிட் நினைவுச் சின்னம். அதன் முன் போஸ் கொடுக்கும் பலருக்கும் ஷ்மிட் யாரென்று தெரியாது. 1930 டிசம்பர் 30 அன்று, மற்றவர்களின் உயிரைக் காப்பாற்ற முயன்று இந்தக் கடலில் மூழ்கி இறந்த டென்மார்க் மாலுமி அவர். நீல வெளிச்சத்தில் அலையின் உயரமும் இழுப்பும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் முதுகைக் கடலுக்குக் காட்டி செல்ஃபி எடுக்க வேண்டாம், முழங்கால் நீரிலும் இறங்க வேண்டாம். இன்று படம் சரியாக வராவிட்டால் என்ன? நாளைக்கும் கருக்கல் உண்டு. அலாரம் மட்டும் அரை மணி நேரம் முன்னால் அடிக்கட்டும்!