டம்டம் தோட்டா பிறந்த ஊர்

ஆகாய விமானத்தில் கல்கத்தா செல்வோர் முதலில் கால் வைக்கும் ஊர் டம்டம். நேதாஜியின் திருநாமம் தாங்கிய விமான நிலையம் அங்கேதான் உள்ளது. ஆனால் ஊரைப் பார்க்க நிற்பவர் எவருமில்லை. நான் நின்றதற்குக் காரணம், வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி: "டம்டம் தோட்டா என்பது வெடிச் சத்தத்தால் வந்த பெயரா, ஸார்?"

அல்ல. மேட்டைக் குறிக்கும் 'தம்தமா' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து ஊருக்குப் பெயர் வந்தது என்பர். மேடும் இருக்கிறது, அதன் மேல் கிளைவ் வசித்த மாளிகை இடிந்து நிற்கிறது. 1783 முதல் இவ்வூர் வங்காளப் பீரங்கிப் படையின் பாளையமாக இருந்தது. கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய வதந்தி 1857 ஜனவரியில் கிளம்பியதும் இங்கேதான்.

இரண்டாவது தோட்டா 1890களில் பிறந்தது. முழுவதும் உலோக உறையிட்ட புதிய குண்டு உடலைத் துளைத்து அப்பால் போய்விடுகிறது, எல்லைப்புற வீரர்களோ அடிபட்டும் மேலே பாய்கிறார்கள் என்று வெள்ளைப் படையினர் முறையிட்டனர். டம்டம் படைக்கலச் சாலையின் அதிகாரி காப்டன் பெர்ட்டி-கிளே, உறையின் நுனியை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடலில் பட்டதும் ஈயம் காளான்போல் விரிந்து பெருங்காயம் உண்டாக்கிற்று.

1899இல் ஹேக் நகரில் கூடிய வல்லரசுகள் இதை யுத்தத்தில் விலக்கின. நாகரிக சிப்பாய் அடிபட்டால் ஒதுங்குவான், காட்டுமிராண்டி ஒதுங்கமாட்டான் என்று வாதாடினார் பிரிட்டிஷ் பிரதிநிதி ஸர் ஜான் ஆர்டா. அந்தக் 'காட்டுமிராண்டி' யாரென்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

விந்தை என்னவெனில், வேட்டைக்கோ விரியும் குண்டே உத்தமம். உறையிட்ட குண்டு பட்ட மான் சிறு துவாரத்துடன் ஓடி, எங்கோ புதரில் அணு அணுவாகச் சாகும். அமெரிக்காவின் பல மாகாணங்களில் பெரிய மிருகங்களின்மீது உறையிட்ட குண்டைப் பிரயோகிப்பதே குற்றம். நம் நாட்டில் 1972ஆம் வருஷச் சட்டம் வேட்டைக்கே பூட்டுப் போட்டுவிட்டது, நல்லதே.

கைத்துப்பாக்கியால் பெருமிருகம் வேட்டையாடுவோர் அங்கே உண்டு. அவர்கள் பாடுதான் சங்கடம். டம்டம் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 2,000 அடி வேகத்தில் சென்றது; '44 மாக்னம்' ரிவால்வரின் 240 கிரெயின் குண்டு சுமார் 1,400 அடிதான் செல்லும். வேகம் குறைந்தால் ஈயம் விரியாமலே போகலாம். மிக மிருதுவாயிருந்தால் கரடியின் தோள் எலும்பிலேயே தட்டையாகி, இதயத்தை எட்டாமல் நின்றுவிடும். ஐடஹோவின் எல்மர் கீத் (1899–1984) என்ற வேட்டைக்காரர் 1920களின் இறுதியில் வேறு வழி கண்டார். ஈயத்தில் வெள்ளீயம் கலந்து கடினமாக்கி, மூக்கைத் தட்டையாக வார்த்தார். அது விரியாமலே அகலமாக வெட்டிக்கொண்டு ஆழப் பாயும். மானுக்கு விரியும் குண்டு, கரடிக்குத் தட்டை மூக்குக் கடினக் குண்டு என்று தேர்ந்து கொள்ளும் வழக்கம் இதன்பின் பரவிற்று. எதை எடுத்தாலும் நெருங்கிச் சென்று, நிச்சயமாகப் படும் என்றால் மட்டுமே சுட வேண்டும்.

ஊர் திரும்பி மாணவனிடம் இவ்வளவும் சொன்னேன். "பிரிட்டன் எப்போது ஒப்புக்கொண்டது, ஸார்?" என்றான். 1907இல். ஆனால் அந்த ஒப்பந்தம் கையொப்பமிட்ட நாடுகள் தமக்குள் புரியும் யுத்தத்துக்கு மட்டுமே. எல்லைப்புற மலைவாசிகள் கையொப்பமிட்டவர்கள் அல்லர்.